வேலையில் சேர்ந்த மறுநாள்: தியாகதுருகம் வட்டார முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் ஆள் வைத்துத் தொழில் நடத்தும் அரிசி ஆலைக்காரர்கள், ஜவுளிக்கடை, ஹார்டுவேர் கடை முதலாளிகள், மார்க்கெட் கமிட்டி வியாபாரிகள், தனியார் பள்ளி, மருத்துவமனை நிர்வாகிகள் அனைவருக்கும்,

மாற்றுத்திறனாளிகள் பெயரைச் சொல்லி உங்கள் கல்லாப்பெட்டி முன்னால் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நன்கொடை ரசீதோடுதான் வருவார்கள். மூன்றுசக்கர வண்டி வாங்கித் தரவேண்டும், டிசம்பர் 3ஆம் தேதி விழாவுக்கு ஒருவேளைச் சாப்பாட்டை ஏற்க வேண்டும் என்பார்கள். நீங்களும் முகம் சுளிக்காமல் கொடுத்துத்தான் வருகிறீர்கள். இந்த மடலில் அப்படி எதுவும் கேட்கப்போவதில்லை. நீங்கள் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுக்கிறோம், ஆனால் எடுத்த நாளிலிருந்து ஆறு மாதமாவது எங்கள் கடைக்கும் ஆலைக்கும் நேரில் வந்து அவருக்கும் எங்களுக்கும் துணை நிற்கும் ஓர் ஆளை அரசு தன் செலவில் அனுப்பவேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். இதுவரை மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய சங்கங்களும்தான் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து வருகிறார்கள். வேலை கொடுக்கிறவர்கள் கூடிப்போய்க் கேட்டால் அந்த மனுவுக்கு இருக்கும் கனமே வேறு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், சுயதொழில் கடனுக்கு மானியம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் துணையாளோடு இலவசப் பயணம், கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை என்று பட்டியல் நீளம். உலக வங்கி 2022இல் ஒப்புதல் தந்த 16.2 கோடி டாலர் கடனோடு ‘தமிழ்நாடு உரிமைகள் திட்டம்’ நடக்கிறது. அதன்கீழ் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. வேலை என்று வரும்போதுதான் எல்லாம் முகாமில் தொடங்கி முகாமிலேயே முடிந்துவிடுகிறது. கல்லூரி மைதானத்தில் பந்தல் போடுகிறார்கள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஒசூரிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், மேடையில் சிலருக்குப் பணி ஆணை வழங்குகிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. அந்த ஆணையை வாங்கியவர் ஊரைவிட்டுப் போய் விடுதியில் தங்க முடிந்ததா, முதல் வாரத்தில் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தது யார், மூன்றாம் மாதம் அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஆள் யாருமில்லை. ஆள் எடுத்ததோடு கணக்கை மூடிவிடுகிறோம். மாற்றுத்திறனாளியின் வேலை வாழ்க்கையில் உண்மையான சிக்கலோ அதற்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு ஓர் எண் போதும். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்திய 76ஆவது சுற்று ஆய்வின்படி, நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்கள் 22.8 விழுக்காடு. அதாவது நாலில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு: அவர்களிடையே வேலையின்மை விகிதம் வெறும் 4.2 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். வேலையின்மைக் கணக்கில் வருவது வேலை தேடுகிறவர்கள், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர்கள் மட்டுமே. முக்கால்வாசிப் பேர் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை என்பதுதான் இதற்குப் பொருள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கடைவாசலிலும் ‘உனக்கு எதுக்கு வேலை’ என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் அவர்களில் பலர். இவர்களை முகாமுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். தேடிப்போய் அழைத்து வர வேண்டும், அழைத்து வந்த இடத்தில் கொஞ்ச காலம் கூட நிற்கவும் வேண்டும்.

பணத்தைக் காட்டி முதலாளிகளை இழுக்கும் முயற்சியும் ஏற்கெனவே நடந்து முடிந்த கதைதான். 2007ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள வேலைகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிகளைத் தனியார் துறை அமர்த்த வழி செய்வதாக அறிவித்தார். 11ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு 1,800 கோடி ரூபாய் ஆகும் என்றார். 2008 ஏப்ரலில் திட்டம் வந்தது: மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்காக முதலாளி கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே கட்டும். சொன்ன இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பி.எஃப். பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, இ.எஸ்.ஐ. 10 பேருக்கு. நாலு பேரை வைத்துக் கடை நடத்துகிறவருக்கு இந்தச் சலுகையில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. நம் கடைத்தெருவில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதானே. பெரிய நிறுவனங்களுக்கோ அந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. உங்களைத் தயங்க வைப்பது சம்பளத்தில் பன்னிரண்டு விழுக்காடு அல்ல. ‘எடுத்த பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்?’ என்ற கேள்விதான் உங்களைத் தயங்க வைக்கிறது. அந்தக் கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 35ஆவது பிரிவும் ஊழியர்களில் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் முதலாளிகளுக்கு ஊக்கம் அளிப்பதைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அன்றாடத் துணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

‘கூட ஓர் ஆள்’ என்பது உங்களுக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. கட்டட வேலைக்கும் அரிசி ஆலைக்கும் ஓட்டலுக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்களைக் கொண்டுவருகிறீர்கள். வருகிறவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இந்தி தெரியாது. தங்க அறை, சமைக்க கேஸ், ஊருக்குப் பணம் அனுப்ப உதவி, முன்பணம் எல்லாம் செய்கிறீர்கள். நடுவில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். இன்ன வேலைக்கு இன்ன ஆள் சரி என்று பார்த்து அனுப்புவதும், முதல் நாள் கூட வந்து வேலையைக் காட்டுவதும், சண்டை வந்தால் சமாதானம் செய்வதும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் தருவதும் அவர்தான். அவருக்குக் கமிஷன் கொடுப்பதை நீங்கள் தர்மமாக நினைப்பதில்லை, தொழில் செலவாகத்தான் எழுதுகிறீர்கள். மொழியே புரியாத ஒருவரோடு சைகையில் பேசி வேலை வாங்கும் நீங்கள், பிறவியிலேயே காது கேளாத, சைகையில் பழகிய, தியாகதுருகத்திலேயே வீடுள்ள ஒருவரிடம் ‘எப்படிப் பேசுவது?’ என்று தயங்குவது விந்தைதான். குறை உங்கள் மனதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த ஒருவருக்கு மேஸ்திரி இல்லை, அவ்வளவுதான். அந்த மேஸ்திரியை அரசுச் சம்பளத்தில், கமிஷன் இல்லாமல், தொழிலாளியைச் சுரண்டாத ஆளாக நியமிக்கச் சொல்கிறேன்.

அவர் வந்து என்ன செய்வார்? ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆலை வேலை’ என்று மொத்தமாகச் சொன்னால் மூட்டை தூக்குகிற உருவம்தான் கண்ணில் வரும். போலியோவில் கால் பாதித்தவருக்கு அங்கே இடமே இல்லை என்று தோன்றும். அதையே பிரித்துப் பாருங்கள். வந்த நெல்லின் ஈரம் பார்க்கவேண்டும், அவியல், உலர்த்தல், அரைவை எல்லாவற்றையும் கண்காணிக்கவேண்டும், கல்லும் கறுப்பும் பிரிக்கும் இயந்திரத்தைக் கவனிக்கவேண்டும், பையில் எடை பிடிக்கவேண்டும், கைமெஷினில் சாக்கு வாய் தைக்கவேண்டும், ரகம் வாரியாக முத்திரை குத்தவேண்டும், லாரிக்குச் சீட்டு எழுதவேண்டும். எடை பிடிப்பதும் சீட்டு எழுதுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. தராசு மேசையை ஒன்றரை அடி தாழ்த்தினால், உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்தால் போதும். அரைவைப் பிரிவின் இரைச்சல் காது கேட்பவர்களைத்தான் களைப்படைய வைக்கும். காது கேளாதவருக்கு அது தடையே அல்ல. ஆனால் பெல்ட் அறுந்தால் யாரோ கத்துவது அவர் காதில் விழாது. ஆகவே ஒலி மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் எரியவேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அது அரைநாள் வேலை. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு ‘எல்லாத்தையும் பார்த்துக்கோ’ என்றால் குழம்பிப் போவார். பச்சை முத்திரை பொன்னிக்கு, நீலம் இட்லி அரிசிக்கு என்று நிறம் போட்டுக் கொடுத்து, செய்ய வேண்டியதை நாலு படமாகச் சுவரில் ஒட்டினால் இரண்டாம் வாரத்தில் மற்றவர் செய்யும் தவறுகூட அவரிடம் வராது. இதையெல்லாம் கண்டுபிடிக்க முதலாளிக்கு நேரமில்லை, புதிதாக வந்தவருக்குத் துணிச்சல் இருக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் முதல் வாரம் தினமும் வந்து, அடுத்த மாதம் வாரம் ஒருமுறை வந்து, பிறகு கூப்பிட்டால் வந்து நின்றால் இவை நடக்கும். சட்டம் ‘நியாயமான தகவமைப்பு’ என்று சொல்வது இதைத்தான். தராசு மேசையைத் தாழ்த்துவது என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

வேலையைப் பிரித்து ஆளுக்குத் தக்கபடி கொடுக்க முடியும் என்பதை நம் கிராமங்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கின்றன. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி நீல அட்டை, நாலு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற ஏற்பாடு வந்தது. மண் வெட்டுவதற்குப் பதில் குடிதண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மேற்பார்வைக்கு உதவுவது என்று வேலை வகுக்கப்பட்டது. எல்லா ஊராட்சியிலும் ஒழுங்காக நடக்கவில்லை என்பது உண்மை. அட்டை கேட்டும் வேலை கேட்டும் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொன்றை நிறைவேற்றிவிட்டது. அதில் இந்த ஏற்பாடு எந்த அளவு தங்கும் என்பது தனிச் சண்டை. தனியார் துறையிலும் முன்னுதாரணம் தேடி வெளிநாடு போகவேண்டாம். ஒசூர் டைட்டன் கடிகார ஆலை தொடக்க காலத்திலிருந்தே காது கேளாதவர்கள் உட்பட மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்துவந்திருக்கிறது. நுணுக்கமான, தரம் தவறக்கூடாத வேலை அது.

வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. ‘முதலில் பயிற்சி, அப்புறம் வேலை’ என்ற பழைய வரிசையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் 1990களில் தலைகீழாக்கினார்கள். தீவிர மனநோய் உள்ளவர்களை மாதக்கணக்கில் பயிற்சி மையத்தில் உட்கார வைக்காமல், அவர்கள் விரும்பும் வேலையில் சீக்கிரமே சேர்த்துவிட்டு, வேலையிடத்திலேயே கற்றுக்கொடுத்து, காலவரம்பு வைக்காமல் துணை நின்றார்கள். ஒரு துணையாளருக்கு ஏறத்தாழ இருபது பேர்தான் கணக்கு. பல நாடுகளில் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளில், பழைய முறையைவிடச் சுமார் இரண்டு மடங்குப் பேர் இந்த முறையில் வேலையில் அமர்ந்தார்கள். மற்ற எல்லாவகைப் பாதிப்புக்கும் இதே அளவு பலன் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சான்று மிக உறுதியாக இருப்பது மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில்தான். ஆனால் ‘இவர்களால் முடியவே முடியாது’ என்று எல்லாரும் கைவிட்டவர்களிடமே அந்த முறை பலித்திருக்கிறது என்றால், கால் தாங்கி நடப்பவரிடம் பலிக்காமல் போக என்ன காரணம் இருக்கமுடியும்? நாமோ இன்னும் தையல் பயிற்சியும் கம்ப்யூட்டர் பயிற்சியும் கொடுத்துச் சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று மத்திய அரசு நடத்தும் தொழில் வழிகாட்டு மையம் கிண்டியில் இருக்கிறது. தியாகதுருகத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல்.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்புகளில் சில நியாயமானவை. ‘வேலை மெதுவாக நடக்கும்’ என்கிறீர்கள். பொருந்தாத வேலையில் வைத்தால் யாராக இருந்தாலும் மெதுவாகத்தான் செய்வார். பொருத்தம் பார்ப்பதற்குத்தான் துணையாளர். அப்படியும் முதல் சில மாதங்களில் உற்பத்தி குறையக்கூடும். அந்தக் குறையை அரசு பகிர்ந்துகொள்ளட்டும் என்று கேட்பதில் தவறில்லை. ‘விபத்து நடந்தால் என் தலையில் விழுமே’ என்ற அச்சமும் உண்டு. வேலையிடத்தில் விபத்து நடந்தால் எந்தத் தொழிலாளிக்கும் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு இருக்கிறது, மாற்றுத்திறனாளி என்பதால் அது கூடப் போவதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் மற்றவர்களுக்கும் பாதுகாப்புதான். ‘வாடிக்கையாளர் என்ன நினைப்பார்’ என்பதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

‘அரசு தன் வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறதே, அங்கே போகட்டும்’ என்பார்கள் சிலர். அந்த ஒதுக்கீட்டை முழுதாக நிரப்பவேண்டும் என்பதில் மாற்றுக்கருத்தில்லை. அதற்குப் படிப்பு வேண்டும், தேர்வு எழுதவேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு அது எட்டாக்கனி. நடுவயதில் பாதிப்பு வந்தவரின் நிலை இன்னும் மோசம். உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலை விபத்துகளிலும், கரும்புத் தோட்டத்து இயந்திரங்களிலும் கை கால் இழந்தவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனால் கண் நரம்பைத் தாக்கக்கூடியது, பிழைத்தவர்களில் பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. வேலையிலிருக்கும்போது பாதிப்பு வந்தால் ஊழியரை நீக்கக்கூடாது என்ற 2016 சட்டத்தின் பாதுகாப்பு அரசு ஊழியருக்குத்தான். கடைத் தொழிலாளிக்குக் கிடைப்பது இழப்பீடும் அனுதாபமும். நாற்பது வயதில் பார்வை போனவரைத் திரும்ப ஒரு வேலையில் உட்கார வைக்க இந்த மாவட்டத்தில் எவருக்கும் பொறுப்பு இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலிருந்து வரும். தனியாருக்கு ஆள் பிடித்துக் கொடுக்க அரசுப் பணமா, குறைந்த கூலிக்கு வாயில்லாத ஆட்களைக் கொடுக்கும் திட்டமாக இது முடிந்துவிடாதா என்று கேட்பார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. ஆகவே பணம் உங்கள் கைக்கு வரக்கூடாது. துணையாளரின் சம்பளத்துக்கும் மேசை, விளக்கு, கைப்பிடி போன்ற மாற்றங்களுக்கும் அது நேரே போகவேண்டும். பிரிட்டனில் 1994 முதல் நடக்கும் ‘ஆக்சஸ் டு ஒர்க்’ திட்டம் கருவி, பயணம், சைகைமொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றுக்கு அப்படித்தான் செலவு செய்கிறது. கூலி மற்றவருக்கு என்னவோ அதுவே இவருக்கும். தனியார் ஏஜென்சியிடம் மொத்தமாக ஒப்படைப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரேலியா தன் திட்டத்தில் ஒருவர் 13, 26, 52 வாரம் வேலையில் நீடித்தால் இவ்வளவு என்று ஏஜென்சிகளுக்குப் பணம் கொடுத்தது. நீடித்தால்தான் காசு என்ற யோசனை நல்லதுதான், நம் முகாம் கணக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடும் பாதிப்பு உள்ளவர்களை ஓரங்கட்டினார்கள் என்ற குறை ஓயவில்லை. 2025 நவம்பரில் அந்தத் திட்டத்தையே மாற்றி அமைத்தார்கள். அந்தப் பாடத்தை நாம் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றியத்துக்கு ஓர் ஆளாவது அரசே நியமிக்கட்டும், கணக்கை ஆறாம் மாதத்தில் பார்க்கட்டும், யார் யார் விடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

கல்வராயன் மலைக்கு இதே அச்சு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து அடையாள அட்டைக்கான மருத்துவச் சான்றுக்குக் கீழே இறங்குவதே ஒருநாள் பாடு. தினமும் கள்ளக்குறிச்சிக்கு வந்து கடையில் வேலை செய் என்று ஒருவரிடம் சொல்வதில் அர்த்தமில்லை. மலையில் விளையும் புளி, கடுக்காய், தேன், சாமை ஆகியவற்றைத் தரம் பிரித்துப் பையில் அடைத்து விற்கும் வேலை மலையிலேயே நடந்தால், அங்கே ஒரு துணையாளர் இருந்தால் வழி பிறக்கும். அந்தச் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகள் உங்களில் இருக்கிறீர்கள். தரம் பிரிப்பதை மேலேயே முடித்துத் தரச்சொல்லிக் கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பேரூராட்சியிலும் ஒன்றியத்திலும் அந்த இடத்துக்கு வருபவரை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். தீர்மானத்தில் எந்தக் கடையில், எந்த ஆலையில், எந்த வேலைக்கு எத்தனை பேரை எடுக்கத் தயார் என்று பெயரோடு எழுதுங்கள். வெறும் ஆதரவுத் தீர்மானத்துக்கு அலுவலகத்தில் கோப்பு எண் மட்டும்தான் கிடைக்கும். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். வேலைக்குப் போனால் மாதாந்திர உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்தில் பல பெற்றோர் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. நிரந்தரமில்லாத கடைச் சம்பளத்தை நம்பி நிச்சயமான தொகையை விட அவர்கள் தயங்குவது நியாயமே. வேலையில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகையில் கை வைக்கமாட்டோம், வேலை போனால் மறுமாதமே பழையபடி கிடைக்கும் என்று ஆட்சியர் கையெழுத்திட்ட ஒரு தாள் அந்தக் குடும்பத்தின் கைக்கு வரவேண்டும். அது வரும்வரை உங்கள் பட்டியலில் பாதி இடம் காலியாகத்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
தியாகதுருகத்திலிருந்து ஒரு வாசகர்